காடு என்னும் சொல்லும் கேமரன் மலையின் நடைவழிகளும்

பொருளும் எல்லையும்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், பேராக் எல்லையை ஒட்டி, தித்திவாங்சா மலைத்தொடரின் மேல் கேமரன் மலை அமைந்துள்ளது. விடுமுறை தோறும் நம் பள்ளிகளிலிருந்து மாணவர்கள் அங்கே அழைத்துச் செல்லப்படுகின்றனர். தேயிலைச் சரிவுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பாசி படர்ந்த காட்டில் சிறிது தொலைவு நடக்கின்றனர். தேநீர் அருந்தித் திரும்புகின்றனர். திரும்பி வந்தபின் எழுதும் கட்டுரையில் தேயிலைத் தோட்டமும் மழைக்காடும் ‘இயற்கை எழில்’ என்னும் ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன.

இத்தொடருக்குள் ஒரு வரலாறு மறைகின்றது. தேயிலைச் சரிவு மனிதர் கையால் உண்டானது. அச்சரிவு இருக்கும் இடத்தில் முன்பு காடு இருந்தது. அதை வெட்டியவர்களிலும், வெட்டிய நிலத்தில் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களிலும் பெரும் பகுதியினர் தமிழர். அவர்களின் பெயரர்களே இன்று எஞ்சிய காட்டுக்குள் ஓய்வுக்காக நடக்கச் செல்கின்றனர். உழைப்பிடமாக இருந்த காடு உலாவிடமாக மாறிய இவ்வரலாற்றைச் சொற்களின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லாராய்ச்சி இங்கே அணிகலன் அன்று. ஆவணங்கள் பேசாத இடத்தில் சொற்கள் பேசும் என்பதனால் அதனைக் கருவியாகக் கொள்கிறோம்.

ஒரு சொல், இரு நிலம்

காடு என்றவுடன் மரம் அடர்ந்த, விலங்கு வாழும் இடமே மாணவர் நினைவுக்கு வரும். ஆயினும் தமிழ் வழங்கும் நிலப்பகுதிகள் பலவற்றில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கொங்கு நாட்டு உழவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் வேட்டைக்குப் போவதாகப் பொருள் இல்லை. தம் நிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்பதே பொருள். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம்; ஆற்று நீரோ ஏரி நீரோ பாயும் நிலம் வயல்; வானம் பார்த்த நிலம் காடு. மரக்காட்டைத் திருத்தி விளைநிலமாக்கிய பின்னும் பழைய பெயர் அந்நிலத்தை விட்டு நீங்கவில்லை. நிலத்தின் முகம் மாறியது; சொல் மாறாமல் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டது.

இவ்வழக்கு கடல் கடந்தும் சென்றது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் களையெடுத்தல், மருந்தடித்தல் முதலிய பணிகள் ‘வெளிக்காட்டு வேலை’ எனப்பட்டன. வரிசை பிசகாமல் நடப்பட்ட மரங்களின் பரப்பு ‘பால்மரக்காடு’ ஆயிற்று. மலேசியத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டு அகிலன் எழுதிய நாவலுக்குப் ‘பால்மரக் காட்டினிலே’ என்றே பெயர் அமைந்தது. ஒரே வகை மரத்தை முதலீட்டுக்காக நட்ட பரப்பை அங்கு உழைத்த மக்கள் காடு என்றனர். அவர்கள் விடியலில் புகுந்து வியர்வை சிந்திய இடம் அது. ஆகவே அவர்தம் பேச்சில் காடு என்பது முதலில் வேலையின் பெயராயிற்று. ஓய்வின் பெயராக அது ஒருபோதும் இருந்ததில்லை.

இதனை மனத்திற் கொண்டால் ஒரு கேள்வி எழும். காட்டுக்குப் போதல் என்பது வேலைக்குப் போதலாக இருந்த ஒரு சமூகத்தில், வேலையின்றி, பயனொன்றும் கருதாது, காட்டுக்குள் நடந்து வருவதற்கு என்ன சொல் இருந்திருக்க முடியும்? இக்கேள்விக்குக் கேமரன் மலையின் வரலாறு ஒரு பகுதி விடை தருகின்றது.

வரைபடத்துக்கு முன்னும் பின்னும்

கேமரன் மலை வரலாற்றை 1885-ஆம் ஆண்டில் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில் அரசின் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளந்து வரச் சென்றார். மலைகளுக்கு நடுவே மென்சரிவுகள் கொண்ட மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகக் குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் பெயர் மட்டும் மலைக்கு நிலைத்தது.

அளவையாளர் வருமுன் அம்மலை ஆளில்லா மலையாக இருக்கவில்லை. செமாய் மக்கள் அதன் பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் வாழ்ந்துவந்தனர். வடக்கே தெமியார் மக்கள் வாழ்கின்றனர். இவ்விரு மொழிகளும் ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தின் அஸ்லியன் கிளையைச் சேர்ந்தவை. இந்தியாவில் வழங்கும் சந்தாலி, முண்டாரி, காசி முதலிய மொழிகளும் அதே பெருங்குடும்பத்தின. எனவே கேமரன் மலையில் தமிழர் சந்தித்த பூர்வகுடியினரின் மொழிக்கு, தமிழர் புறப்பட்டு வந்த இந்தியாவிலேயே உறவு மொழிகள் இருந்தன. இச்செய்தியை நம் பாடநூல்கள் இன்னும் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

செமாய் மக்கள் காட்டின் ஒரு பகுதியை வெட்டிச் சுட்டு, மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டுச் சில பருவங்களில் அந்நிலத்தை மீண்டும் காட்டுக்கே விட்டுவிடுவர். இவ்வகை நிலத்தை மலாயில் ‘லாடாங்’ என்பர். நம் மொழியில் இதற்குச் சங்க காலம் முதலே ‘புனம்’ என்னும் சொல் உண்டு. தினைப்புனம் காக்கும் குறிஞ்சிப் பெண்ணைப் பாடத்தில் படிக்கும் மாணவர், அத்தகைய புனம் தாம் சுற்றுலா சென்ற மலையிலேயே இருந்தது என அறியின், குறிஞ்சி என்பது ஏட்டில் மட்டும் உள்ள நிலம் ஆகாது. பழஞ்சொல்லைப் புதுநிலத்தில் பொருத்திக் காட்டுவது ஆசிரியர் செய்யத்தக்க எளிய பணி.

கேமரன் குறிப்பிட்ட மேட்டுநிலம் நெடுங்காலம் அரசின் கவனத்தைப் பெறவில்லை. 1925-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்தபின், மலைவாழிடம் ஒன்றை அமைக்கும் எண்ணம் உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து மலைமேல் செல்லும் சாலை 1931-இல் நிறைவுற்றது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்கள் அச்சாலையை ஒட்டி வளர்ந்தன. ‘தானா ராத்தா’ என்பதற்குச் சமதரை என்பதே பொருள். மலைமேல் அரிதாகக் கிடைத்த தட்டை நிலம் என்பதால் அப்பெயர் பெற்றது.

வெப்ப நாடுகளை ஆண்ட ஆங்கிலேயர் குளிர்ந்த மலைகளைத் தேடிச் சென்றதில் புதுமை இல்லை. 1820-களில் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தைத் தொடங்கிவைத்தார். 1845-இல் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் கோடைக்கானலில் குடியேறினர். இலங்கையில் நுவரெலியா அதே நோக்கில் உருவாயிற்று. இம்மலைகள் அனைத்திலும் ஒரு பொதுமை உண்டு: நடைப்பயிற்சியும் மலையேற்றமும் ஆண்டவர்களுக்கு ஓய்வாக அமைந்தன, அவர்தம் பாதைகளை வெட்டிய கைகள் பெரும்பாலும் உள்நாட்டு உழைப்பாளர் கைகளாக இருந்தன. ஒருவரின் உலா மற்றொருவரின் வேலையாக இருந்தது.

தேயிலையும் இரு சீனச் சொற்களும்

1929-இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். மலாயாவில் தொழில் நடத்திவந்த அவர், உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய அதே ஆண்டில் இம்முயற்சியில் இறங்கினார், 1933-இல் காலமானார். அவர் குடும்பம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்திவருகின்றது. 1933-இல் இந்திய வழியினரான அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டமும் இம்மலையில் தொடங்கப்பட்டது.

‘போ’ என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு வியப்பூட்டும். தமிழ் வினையோடு அதற்குத் தொடர்பில்லை. சீனாவின் பூஜியன் மாநிலத்து வூயி மலைகள் தேயிலைக்குப் பெயர்பெற்றவை. அம்மலையின் பெயரை அவ்வட்டார மக்கள் ஒலிக்கும் முறையைக் கேட்டு ஐரோப்பிய வணிகர் ‘போஹீ’ என்றனர். அதன் சுருக்கமாகவே தோட்டப் பெயர் அமைந்தது என்பது நிறுவனம் தரும் விளக்கம்.

தேயிலை என்னும் தமிழ்ச் சொல்லும் அதே கரையிலிருந்து வந்ததே. தெற்குப் பூஜியனில் வழங்கும் பேச்சில் அச்செடியின் பெயர் ‘தே’. மலாயில் அது ‘தே’ என்றே வழங்குகின்றது, சிங்களத்திலும் அவ்வாறே. தமிழ் அதனுடன் இலையைச் சேர்த்துத் தேயிலை என்றும், நீரைச் சேர்த்துத் தேநீர் என்றும் ஆக்கிக்கொண்டது. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் ‘சா’ என்னும் ஒலி நிலவழியாகவும் போர்த்துக்கீசியர் வழியாகவும் பரவி இந்தியில் ‘சாய்’ ஆயிற்று. மலையாளம் இரண்டையும் ஏற்று, இலைக்குத் ‘தேயில’ என்றும் பானத்துக்குச் ‘சாய’ என்றும் பகிர்ந்துகொண்டது. ஒரு செடி எந்தத் துறைமுகத்தின் வழியாக எந்த மொழிக்குச் சென்றது என்பதை இவ்விரு ஒலிகளே காட்டிவிடுகின்றன.

செடியின் பெயர் சீனத்தினது, முதலீடு ஆங்கிலேயருடையது, நிலம் செமாய் மக்கள் வாழ்ந்த மலை. உழைப்பின் சொற்களோ பெரிதும் தமிழ். ஆட்களைத் திரட்டி அழைத்துவந்து மேற்பார்த்தவர் கங்காணி. இத்தமிழ்ச் சொல் ஆங்கில ஆவணங்களிலேயே இடம்பெற்றது. குடியிருப்பு வரிசை லயம். இது ஆங்கில ‘லைன்’ தமிழ் வடிவம் பெற்றது. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் அழைக்கும் இடம் பெரட்டுக்களம். இது ‘பரேடு’ என்பதன் திரிபு. மேற்பார்வையாளருக்கு வழங்கிய மண்டோர் என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து மலாய் வழியாக வந்தது. ஆனால் செடியின் நுனியில் விரல்கள் தேடிய பொருளுக்குக் கொழுந்து என்னும் தூய தமிழ்ச் சொல்லே நின்றது. அதிகாரத்தின் சொற்கள் வெளியிலிருந்து வந்தன. விரலுக்கு அருகில் இருந்த சொல் தாய்மொழியிலேயே தங்கியது.

திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குத் தொழிலாளர் பெருந்தொகையாய் வந்தனர். அவர்கள் காட்டைப் பற்றிய ஒரு நினைவையும் உடன்கொணர்ந்தனர். 1882-இல் இயற்றப்பட்ட சென்னை வனச் சட்டம், சிற்றூர் மக்கள் விறகும் தழையும் மேய்ச்சலும் பெற்றுவந்த காடுகள் பலவற்றை அரசின் ஒதுக்குக் காடுகளாக ஆக்கியது. ஆகவே அவர்கள் அறிந்த காடு இருவகைத்து: ஒன்று, உழைக்கும் நிலம், மற்றொன்று, நுழைந்தால் தண்டம் விதிக்கப்படும் அரசு நிலம். காலாற நடந்துவரும் பொதுக்காடு என்னும் மூன்றாம் வகை அவர்தம் பட்டறிவில் இல்லை. 1938-இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதைத் தடைசெய்தபோது, வந்தவர்கள் வந்த இடத்திலேயே வேரூன்றத் தொடங்கினர்.

அஞ்சத்தக்க காடு

காடு ஓய்விடமாவதற்கு முன் அது அச்சத்தின் இடமாகவும் இருந்தது. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. ஆயுதமேந்திய பொதுவுடைமையினர் காடுகளில் தங்கிப் போராடினர்; அரசுப் படைகள் அவர்களைத் தேடின. தோட்டங்களுக்குக் காவல் போடப்பட்டது. காட்டோரங்களில் வாழ்ந்தவர்கள் வேலியிட்ட குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செமாய் முதலிய பூர்வகுடியினரும் இடம்பெயர்க்கப்பட்டு இன்னலுற்றனர். அம்மக்களை முன்னர்ச் சுட்டிய இழிவுப் பெயர் நீங்கி, ‘ஓராங் அஸ்லி’, அதாவது ஆதிமக்கள், என்னும் பெயர் அரசு வழக்கில் நிலைபெற்றதும் இக்காலத்தையும் அதன் பின்விளைவையும் ஒட்டியே. ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர் மாறுவது அவர்தம் நிலைமை மாறியதற்குச் சான்றாகாது. எனினும் மதிப்பு மாறவேண்டும் என்னும் ஒப்புதலுக்கு அது சான்றாகும்.

அவசரகாலம் முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, தாய்லாந்துப் பட்டுத்தொழிலுக்கு உலகப் புகழ் தேடித்தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகில் தாம் தங்கியிருந்த நிலவொளி மாளிகையிலிருந்து நடக்கச் சென்று திரும்பவில்லை. காவலரும் படைவீரரும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் எனப் பலநூறு பேர் தேடினர். தடயம் ஒன்றும் கிட்டவில்லை. அந்நிகழ்ச்சியைச் சுற்றி எழுந்த கதைகள் பல. நமக்கு வேண்டுவது ஒன்றே: மாலை உலாவுக்கு உரிய வழிக்கும் அடர்காட்டுக்கும் இடையே சில எட்டுகளே உண்டு. மலைக்காட்டில் மூடுபனி இறங்கினால் பத்து மீட்டருக்கு அப்பால் தடம் தெரியாது. பகலொளி மரக்கவிப்பின் கீழ் விரைந்து மங்கும். தனியே செல்லாமை, செல்லும் வழியைத் தங்குமிடத்தில் சொல்லிச் செல்லுதல், நண்பகலுக்குமுன் புறப்படுதல் ஆகிய மூன்றும் அம்மலையில் நடப்போர் பின்பற்றவேண்டிய நெறிகள்.

எண்ணிட்ட வழிகள்

தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் சுற்றியுள்ள காட்டு நடைவழிகள் பெயர்களால் அன்றி எண்களால் அறியப்படுகின்றன. நான்காம் வழி பாரிட் அருவிக்குச் செல்லும். ஒன்பதாம் வழி ராபின்சன் அருவியை அடுத்துச் செல்லும். பத்தாம் வழி ஜாசார் மலையின்மேல் ஏறும். வழிக்கு எண் இடுதல் நிருவாகத்துக்கும் மீட்புப் பணிக்கும் உதவும். மொழியறியாத பயணிக்கும் வசதி. ஆனால் எண் ஒரு வழியின் வரலாற்றைச் சொல்லாது. யார் முதலில் நடந்தார், எதற்காக நடந்தார், வழியில் எந்த மரம் அடையாளமாக நின்றது என்பன பெயரில் தங்கும், எண்ணில் தங்குவதில்லை.

தமிழில் நடைவழிக்குச் சொற்கள் பல. பலர் நடந்து பதிந்தது தடம். ஓரடி அகலத்தில் ஒருவர்பின் ஒருவராகச் செல்வது ஒற்றையடிப்பாதை. இலக்கியத்தில் அருமையான வழி அத்தம் எனவும் ஆறு எனவும் வழங்கும். வழியை ‘ஆறு’ என்றதனால் வழிப்படுத்தும் நூல்வகை ஆற்றுப்படை ஆயிற்று. பரிசில் பெற்றவன் பெறாதவனை எதிர்ப்பட்டு, இன்ன வழியே சென்றால் இன்ன நிலம் வரும், அங்கே இன்னார் இன்ன உணவு தருவர் எனக் கூறும் அமைப்பு அது. மலைபடுகடாம் என்னும் ஆற்றுப்படை மலைவழியின் இடர்களையும் எச்சரிக்கைகளையும் விரிவாகத் தருகின்றது. மலையேறுவோர்க்கு வழிகூறும் மரபு நம் மொழிக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே போதும். மாணவர் ஒருவர் பத்தாம் வழிக்குத் தமிழில் வழிக்குறிப்பு எழுத முனைந்தால், அவர் ஓர் இலக்கிய வகையின் வாரிசாகவே எழுதுகிறார்.

பாசிக்காடும் சோலையும்

பிரிஞ்சாங் மலை 2,031 மீட்டர் உயரமுடையது. அருகிலுள்ள ஈராவ் மலை 2,110 மீட்டர். இவ்வுயரத்தில் காட்டின் தோற்றமே மாறுகின்றது. கீழே நாற்பது மீட்டருக்கு ஓங்கும் மரக்கவிப்பு இங்கே சில மீட்டருக்குக் குறுகிவிடுகின்றது. கிளைகள் முறுக்குண்டு, தண்டும் வேரும் பாசியால் போர்த்தப்பட்டு நிற்கும். மழையன்றி மேகமே இம்மரங்களுக்கு நீர் ஊட்டுகின்றது: தவழும் மேகத்தின் நுண்துளிகளை இலையும் பாசியும் பற்றிக்கொள்ளும், அவை சொட்டிச் சொட்டி, மட்கிய சருகாலாகிய கருமண்ணில் இறங்கும், அம்மண் கடற்பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்துச் சிற்றோடைகளுக்குச் சிறிதுசிறிதாக விடும். மழையில்லா நாளிலும் மலையோடை வற்றாதிருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் இதனைப் ‘பாசிக்காடு’ என்னும் பொருளுடைய தொடரால் வழங்குவர். நாமும் அதையே மொழிபெயர்த்துக்கொண்டோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையிலும் இதையொத்த குறுமரக் காடுகள் மலைமடிப்புகளில் உள்ளன. அவற்றைத் தமிழர் ‘சோலை’ என்றனர். ஆங்கிலேய வனவியலார் அச்சொல்லைத் தம் மொழியிலும் ஏற்றனர். இன்று உலகத் தாவரவியல் நூல்களில் அது கலைச்சொல்லாக நிற்கின்றது. நம் சொல் உலகுக்குச் சென்றிருக்க, நம் பிள்ளைகள் சோலை என்றால் பூங்கா என்று மட்டும் அறிந்திருத்தல் வருந்தத்தக்கது. மரவகைகள் வேறாயினும், உயரமும் மேகமும் குறுகிய வடிவும் ஒத்திருத்தலின், கேமரன் மலையின் உச்சிக்காட்டை ‘மேகச் சோலை’ எனல் பொருந்தும்.

அங்கே காணும் குடுவைச் செடியை மலாயர் ‘பெரியோக் கெரா’ என்பர். குரங்கின் பானை என்பது பொருள். பூச்சி வழுக்கி விழுந்து செரிக்கப்படும் இலைக்குடுவை அது. சத்துக் குறைந்த மண்ணில் வளர்வதால், வேருக்குக் கிட்டாததை இலை தேடிக்கொள்கின்றது. இத்தகைய செடியைப் பறித்தலும் பாசியை மிதித்தலும் எளிய செயல்கள். ஆனால் நெருங்கிய மண்ணில் பாசி மீண்டும் படர நெடுங்காலம் ஆகும். பிரிஞ்சாங் மலையில் மரப்பலகை நடைமேடை அமைக்கப்பட்டதன் காரணம் பயணியின் காலணியைக் காப்பதன்று. பயணியின் காலிலிருந்து மண்ணைக் காப்பதே.

ஆற்றும் காடு

பொதுமக்கள் உலாவுக்கென ஒதுக்கப்பட்ட காட்டை மலேசியாவில் ‘ஹூத்தான் லிப்பூர்’ என்பர். ஹூத்தான் காடு. லிப்பூர் என்பது துயரை ஆற்றுதல், தேற்றுதல் என்னும் பொருளது. ஊர்தோறும் சென்று கதை சொன்ன பழைய மலாய்க் கதைஞரைப் ‘பெங்லிப்பூர் லாரா’, அதாவது துயர் ஆற்றுவோர், என அழைத்தனர். எனவே மலாய்ச் சொல்லின்படி அக்காடு, மனத்தின் துயரைக் கதைபோல் ஆற்றும் இடம். தமிழில் நாம் இதனைப் ‘பொழுதுபோக்குக் காடு’ என மொழிபெயர்க்கின்றோம். பொழுதைப் போக்குதல் என்பதில் காலத்தைக் கழித்துவிடும் குறிப்பே மிகுதி. மூலச்சொல்லின் ஆழம் அதில் வரவில்லை.

இச்சொல் வேறுபாடு சிறியதன்று. 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், நிலையான ஒதுக்குக் காடுகளை அவற்றின் பயன் நோக்கி வகைப்படுத்துகின்றது. மர உற்பத்தி, மண் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்பு, நீர்ப்பிடிப்பு, வனவிலங்கு, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றோடு மக்கள் இன்புறுதலும் ஒரு பயனாக அதில் வைக்கப்பட்டுள்ளது. மரத்தை விற்றுப் பெறும் பணத்துக்கு நிகராக மனிதர் மனம் ஆறுதலையும் சட்டம் எண்ணியிருக்கின்றது. இங்கிலாந்தில் 1878-இல் எப்பிங் காட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அதனை மக்கள் உலாவுக்காக வேலியிடாது காக்கும் பொறுப்பை லண்டன் மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் சென்னை வனச் சட்டம் வந்தது. அங்கே பொதுமக்களுக்குத் திறந்த காடு. இங்கே அவர்களுக்கு அடைத்த காடு. இரண்டும் ஒரே பேரரசின் செயல்கள்.

மற்றோர் ஒப்பீடும் உண்டு. கேமரன் மலையில் காடு வெட்டித் தேயிலை நடத் தொடங்கிய அதே 1929-இல், கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஈயம் தோண்டிப் பாழ்பட்டிருந்த நிலத்தில் மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்டெடுத்தனர். இன்று அது மக்கள் நடந்து இளைப்பாறும் பெருங்காடு. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஓரிடத்தில் காடு தோட்டமாயிற்று; ஓரிடத்தில் பாழ்நிலம் காடாகத் தொடங்கியது. இரண்டுக்கும் மனிதக் கைகளே காரணம் என்பது மாணவர் மனத்தில் பதியவேண்டிய பாடம்.

மண் சொல்லும் சான்று

தேயிலை மண்ணை ஓரளவு மூடிப் பிடித்துக்கொள்ளும். காய்கறி, பூ வேளாண்மைக்காகச் சரிவுகள் வெட்டப்பட்டு நெகிழித் திரைக் கொட்டகைகள் பெருகியபோது நிலை மோசமாயிற்று. மூடாக்கு இழந்த மண் மழையில் கரைந்து பெர்த்தாம் ஆற்றில் இறங்கியது. ரிங்லெட்டில் நீர்மின் உற்பத்திக்காக 1963-இல் நிறைவுற்ற சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்து கொள்ளளவை இழந்தது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் பெருமழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றது. மேலே வெட்டிய காட்டின் கணக்கைக் கீழே வாழ்ந்தவர்கள் செலுத்தினர்.

இதனாலேயே ‘இயற்கை எழில்’ என்னும் தொடரை நாம் ஐயுறுகின்றோம். பச்சையாய் இருப்பதெல்லாம் ஒன்றன்று. மேகச் சோலை நீரைப் பிடித்துவைக்கும். தேயிலைச் சரிவு ஓரளவு மண்ணைப் பிடிக்கும். திறந்த சரிவு இரண்டையும் விட்டுவிடும். மூன்றுக்கும் வெவ்வேறு சொல் வழங்கும் மாணவர் மூன்றையும் வெவ்வேறாகக் காண்பார். சொல் ஒன்றாகிவிட்டால் இழப்பும் கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்து உயிர்களையும் தொழிலையும் உணவையும் கருப்பொருள் என்றது. மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றது. இம்மூன்றையும் சேர்த்தே திணை என எண்ணினர் நம் முன்னோர். மாந்தரை விலக்கிய வெறுங்காட்சி அவர்களுக்கு நிலமாகத் தோன்றவில்லை. கேமரன் மலைக்குச் செல்லும் மாணவரிடம் இம்மூன்று தலைப்புகளில் குறிப்பெடுக்கச் சொல்லலாம். உயரம், குளிர், மூடுபனி, மழை ஆகியன ஒரு பக்கம். பாசி, குடுவைச் செடி, அட்டை, தேயிலை, புனம் ஆகியன ஒரு பக்கம். செமாய் மக்கள், கொழுந்து கிள்ளிய தமிழர், இன்று அதே சரிவுகளில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர் ஆகியோர் ஒரு பக்கம். மூன்றாம் பக்கம் வெறுமையாக இருந்தால் கட்டுரை முடியவில்லை என்று பொருள்.

அடுத்து, சொல் திரட்டும் பணி. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் பலர் இன்று நகரங்களின் அடுக்கு வீடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் நாவிலுள்ள தொழிற்சொற்கள், செடிப் பெயர்கள், சரிவுகளுக்கும் ஓடைகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் ஆகியவை எழுதப்படாமல் மறைந்துவருகின்றன. ஒரு மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு இருபது சொற்களை எழுதினால், அது எந்த அகராதியிலும் இல்லாத செல்வமாகலாம். கேட்கும்போது சொல்லை மட்டும் கேளாது, அச்சொல் வழங்கிய இடத்தையும் வேலையையும் சேர்த்து எழுதவேண்டும்.

இறுதியாக, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறோம். வேலையின்றிக் காட்டில் நடப்பதற்குத் தோட்டத் தமிழில் சொல் இல்லை; ஏனெனில் அத்தகைய நடை அம்மக்களுக்கு வாய்க்கவில்லை. இன்று அது வாய்த்திருக்கின்றது. ஹூத்தான் லிப்பூர் என்பதற்கு ‘இளைப்பாறு சோலை’ என்னும் தொடரை முன்மொழிகிறோம். இளைப்பு என்பது உழைத்தவர்க்கு உரியது. ஆறுதல் லிப்பூர் என்பதன் பொருளோடு ஒத்தது. சோலை அம்மலைக்காட்டுக்குப் பொருந்திய பழஞ்சொல். காட்டில் உழைத்து இளைத்தவர்களின் பெயரர்கள் அக்காட்டிலேயே இளைப்பாறுகின்றனர் என்னும் வரலாறும் அத்தொடரில் அடங்கும். இதனினும் நல்ல சொல்லை மாணவர் ஒருவர் ஆக்கித்தரின் மகிழ்வுடன் ஏற்போம். சொல் எதுவாயினும், அது குறிக்கும் காடு நிற்கவேண்டும்.